மகளின் மேஜையில் அப்பாவின் கொட்டேஷன்

1

ஊரிலிருந்து போனில் பேசும் என் சித்தி மகள் இன்றைக்கும் ஒரே பல்லவிதான் பாடுவாள். "உனக்கென்னடி தனம், சுத்திக் கடலு. நெனச்சா போய் முங்கி எந்திரிக்கலாம்." அவளுக்கு அந்தமான் என்றால் ஒன்று ஜெயில், இல்லாவிட்டால் கடல். நான் இங்கே வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. கடலில் குளித்தது மொத்தமே இரண்டு மூன்று தடவைதான். முதலை நடமாட்டம் என்று பலகை வைத்த பிறகு அதுவும் நின்றது. வெயில் காலம் வந்தால் எங்கள் ஷாதிபூர் மேட்டில் குழாய்த் தண்ணீரே ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல். போர்ட் பிளேருக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். குழாய் பழைய குழாய்தான்.

கப்பலை விட்டு இறங்கி இருபத்தைந்து வருடம் நிறைந்த அன்று, என் வீட்டுக்காரர் கருப்பசாமி சாயங்காலம் அல்வா வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கல்யாண நாளை மறப்பார், இந்த நாளை மறக்க மாட்டார். ஆனால் அன்றைக்கு அல்வா இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். முகம் மட்டும் பூரித்துப்போய் இருந்தது.

"அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டாரு தனம். பெரார்கஞ்ச் வீட்டுல நீச்சல் குளம் கட்டப் போறாராம். என்னையும் கொட்டேஷன் குடுக்கச் சொல்லிருக்காரு."

"உங்களையுமா, உங்களையா?"

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அந்த 'உம்'முலதான் இருக்கு வித்தியாசம்."

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றும்போதே குழி எவ்வளவு ஆழம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்.

அண்ணாச்சி என்று அவர் சொல்வது என் அக்கா பஞ்சவர்ணத்தின் வீட்டுக்காரர் ராஜபாண்டியை. எனக்கு அத்தான். சிமென்ட், கம்பி, டைல்ஸ் என்று பஜாரில் கடையும் குடோனும் வைத்திருக்கிறார். அவர்தான் எங்களை இந்தத் தீவுக்குக் கூட்டி வந்தவர். என் வீட்டுக்காரர் சின்னக் கான்ட்ராக்டர். தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, மாடித் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், இவ்வளவுதான் அவர் உலகம். அக்காவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோனது. தண்ணீருக்குள் நடந்தால் வலி குறையும் என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார். நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவில், அக்கா நடப்பதற்காக அத்தான் தரையில் குளம் வெட்டப் போகிறார். வெட்டட்டும், வசதி இருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. என் வீட்டுக்காரரை எதற்குக் கூப்பிட்டார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2

புரியவேண்டுமானால் எங்கள் மகள் கீர்த்தனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் என்னைப் பற்றி.

நான் வந்த புதிதில் எனக்கு இந்தியில் ஒரு சொல் தெரியாது. பக்கத்து வீட்டு வங்காளி அம்மா ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டார். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே "பஸ்?" என்று கேட்டார். போதுமா என்று அர்த்தம். நான் எதில் வந்தேன் என்று கேட்கிறார் என நினைத்து, "பஸ் இல்லை, கப்பல்" என்றேன். அந்த வீடே விழுந்து விழுந்து சிரித்தது. ஒரு வருடத்துக்கு அந்தத் தெருவில் எனக்கு 'கப்பல் பாபி', அதாவது கப்பல் அண்ணி என்றுதான் பெயர். அந்தக் கதையைப் பஜார் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது என் அக்காதான். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், "இதுதான் என் தங்கச்சி, கப்பல் கதை சொன்னேன்ல" என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்வது? ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எனக்காக இந்தி பேசியது அவள்தானே.

கீர்த்தனாவுக்கு அந்தச் சிரமமே இல்லை. வாய் திறந்ததே இந்தியில்தான். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க வராது. ஒன்பதாம் வகுப்பில் அக்கா அவளைத் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். "ஒரு ரூமுல மூணு பேரு படுத்துக்கிட்டு புள்ள எப்பிடிடி படிக்கும்? எனக்கும் வீடு வெறிச்சுன்னு கெடக்கு." அக்காவுக்கு ஒரே மகன். கனடாவில் இருக்கிறான், பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வான்.

பிறகு மேன்லேண்டில் என்ஜினியரிங் சேர்ப்பதற்குத் தீவுவாசி என்று ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. என் வீட்டுக்காரர் ஆரம்ப வருடங்களில் என்னை இங்கே விட்டுவிட்டு, இன்னொரு தீவில், ஹட் பேயில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் தினக்கூலி. அங்கே இருந்ததற்கு அத்தாட்சி கொண்டுவா என்றார்கள். தோட்டத்தையே மூடிவிட்டார்கள், யாரிடம் போய் அத்தாட்சி வாங்குவது? இந்த மேஜையில் அந்த மேஜைக்குப் போகச் சொன்னார்கள், அந்த மேஜையில் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். கப்பலேறி அந்தத் தீவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்தார் அவர். கடைசியில் அத்தான் யாருக்கோ ஒரு போன் போட்டார், அந்த வாரமே சான்றிதழ் வந்தது. காலேஜ் செலவு முழுவதும் அவரே பார்த்துக்கொண்டார். அதற்கு நிபந்தனை எதுவும் போடவில்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம்.

படிப்பு முடிந்து ஏர்போர்ட்டில் இறங்கியவள் அத்தானின் காரில் ஏறி அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் புதிதாக ஆரம்பித்த கட்டட வேலை முழுவதும் இப்போது அவள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வருவாள், தன்னுடைய தண்ணீர் பாட்டிலோடு. "காபி போடட்டா?" என்றால், "இருக்கட்டும்" என்பாள். பெற்ற வீட்டில் யாராவது இருக்கட்டும் என்பார்களா?

3

குளத்துக்குக் கொட்டேஷன் எழுத என் வீட்டுக்காரர் பட்ட பாட்டைப் பார்த்தால் அவர்தான் பரீட்சைக்குப் படிக்கிறார் என்று தோன்றும். பெரார்கஞ்சுக்கு பஸ்ஸில் போய் இடத்தைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் நெல்வயல், அதையொட்டிக் குளம் வரவேண்டிய இடம். கடப்பாரையால் குத்திப் பார்த்து, மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்து, துணியில் முடிந்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அது என் அடுப்படி மேடையில் இரண்டு நாள் கிடந்தது.

இங்கே மணல் என்பது தங்கம் மாதிரி. கடற்கரை மணலை அள்ளக் கூடாது. அள்ளினாலும் அந்த உப்பு கம்பியைத் தின்றுவிடும். நல்ல மணல் மேன்லேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். எல்லாம் விசாரித்து, கூட்டிக் கழித்து, ஆங்கிலத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று அத்தான் சொன்னதால் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினார். எழுதி முடித்து என்னிடம் வாசித்துக் காட்டினார். எனக்கு என்ன தெரியும்? "நல்லாருக்குங்க" என்றேன்.

"என் லாபத்த வைக்கல தனம். அக்கா நடக்கறதுக்குக் கட்டறது. நம்ம புள்ளய படிக்க வச்சவங்க. அதுல போய் லாபம் பாக்கலாமா?"

கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். நாலைந்து நாள் கழித்து அத்தான் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"சகலை, மொத்தம் மூணு கொட்டேஷன் வந்திருக்கு. ஒண்ணு சென்னைக் கம்பெனி. ஒண்ணு இங்க இருக்கற தெலுங்கு ஆளு. அப்புறம் உங்களது. எது சரின்னு பாத்துச் சொல்றதுக்குப் பாப்பாகிட்ட குடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்திருங்க. தனத்தையும் கூட்டிட்டு வாங்க."

"பாப்பாகிட்டயா?" என்றார் என் வீட்டுக்காரர். கீர்த்தனாவைத்தான் அத்தான் பாப்பா என்பார்.

"ஆமா. நம்ம புள்ள, நம்ம குளம். வெளியாளுகிட்ட எதுக்குக் குடுக்கணும்?"

போனை வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப வேல நமக்குத்தான்." எனக்கு அப்போதுதான் அந்த 'உம்' என்னவென்று விளங்கியது. அத்தான் கேட்டது குளத்துக்கான விலை இல்லை.

4

ஞாயிற்றுக்கிழமை போனோம். மற்ற இரண்டு பேரை அழைக்கவில்லை. எங்களை மட்டும்தான்.

அத்தான் தன் ஆபீஸ் அறையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முந்திரி கொறித்துக்கொண்டிருந்தார். கீர்த்தனா மேஜைக்குப் பின்னால் இருந்தாள். முன்னால் கம்ப்யூட்டர், பக்கத்தில் அப்பாவின் காகிதங்கள். நாலாவது வரியிலேயே ஒரு சிவப்பு வட்டம் தெரிந்தது. ஏதோ ஓர் ஆங்கிலச் சொல்லில் எழுத்து விட்டுப்போயிருந்ததாம், பிறகு அவர் சொன்னார். மேஜைக்கு எதிரில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நானும் அக்காவும் கதவோரம் சோபாவில்.

"தூரமா எதுக்கு, கிட்ட வந்து உக்காருங்க சகலை. வைவா மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார் அத்தான். அக்கா சிரித்தாள்.

கீர்த்தனா சிரிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சைட் பக்கத்துல வயல் இருக்கு. நிலத்தடித் தண்ணி மேலயே இருக்கு. அதுக்கு என்ன ப்ரொவிஷன் வச்சிருக்கீங்க?"

"ஒழுகாதும்மா" என்றார் அவர். "நான் கட்டின தொட்டி ஒண்ணுகூட இதுவரைக்கும் ஒழுகினதில்ல. நீ யார வேணா கேட்டுப்பாரு."

"மத்லப்... அதாவது, உள்ள இருக்கற தண்ணி வெளிய போறதப் பத்தி நான் கேக்கல. மழைக்காலத்துல சுத்தி மண்ணெல்லாம் தண்ணி நிக்கும். அப்ப சுத்தம் பண்றதுக்காகக் குளத்தைக் காலி பண்ணா, கீழ இருக்கற தண்ணி மொத்தக் குளத்தையும் மேல தூக்கிடும். கப்பல் மெதக்கற மாதிரி. அது தூக்காம இருக்க என்ன வச்சிருக்கீங்க?"

அவர் தன் காகிதத்தை எட்டிப் பார்த்தார். அதில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தார்.

"அடியில கனமா கான்கிரீட் போட்டா தூக்காதும்மா."

"எவ்வளவு கனமா? கால்குலேஷன் இருக்கா?"

அவர் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா கேக்குறால்ல, சொல்லுங்க சகலை" என்றார் அத்தான், முந்திரியை மென்றுகொண்டே.

"தெரியலம்மா" என்றார் என் வீட்டுக்காரர். குரல் தாழ்ந்துவிட்டது. அவள் ஏதோ டைப் செய்தாள். அந்தச் சத்தம் நின்ற பிறகு அடுத்த கேள்வி.

"உங்க ரேட் மத்த ரெண்டு பேரவிட ரொம்பக் கம்மி. இவ்வளவு கம்மியா இருந்தா ரெண்டு காரணம்தான் இருக்க முடியும். ஏதோ ஐட்டம் விட்டுப்போயிருக்கணும். இல்லன்னா மணல்."

"மணலா?"

"சமுந்தர் கா ரேத். கடல் மணல் போடறவங்க ரேட் இப்படித்தான் இருக்கும்."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "நானா? கடல் மணலா? கீர்த்தி, நான் உங்க அப்பன்."

"நான் சொல்லல. ரேட் சொல்லுது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு லாபம் வைக்கலடி. அக்கா வீடுன்னு சொந்த லாபத்த விட்டுட்டு எழுதிருக்காரு. அதான் கம்மியா இருக்கு."

கீர்த்தனா முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமில்லை, எரிச்சலும் இல்லை. கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவர்கள், தப்பான வரிசையில் நின்று வந்தவர்களைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "லாபம் இல்லாம வேல எடுக்கறவங்களுக்கு மார்க் கொறையும். பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்க. அதுதான் ரூல்."

மூன்று பேரில் அப்பாவுக்கு மூன்றாவது இடம். சென்னைக் கம்பெனிக்கு முதலிடம். அதை அவள் ஆங்கிலத்தில் வாசித்து, அத்தானுக்காக இந்தியிலும் ஒரு தடவை சொன்னாள். அத்தானுக்குத் தமிழ் தெரியாதா என்ன? எங்கள் மொழியில் அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்ததோ என்னவோ. அப்படித்தான் அன்றைக்கு நான் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அத்தான் எழுந்து வந்து அவள் தலையைத் தடவினார். "பாத்தீங்களா சகலை? அப்பன்னுகூடப் பாக்கல. இதுதான் படிப்பு." என்னைப் பார்த்து, "என்ன தனம், பெருமையா இருக்கணுமே?" என்றார்.

பிறகுதான் அவர் வியாபாரம் வெளியே வந்தது. சென்னைக்காரன் அதிகமாகக் கேட்கிறான். பாப்பாவே டிராயிங் போட்டுக் கொடுப்பாள். தண்ணீர் தூக்காமலிருக்க என்ன வேண்டுமோ எல்லாம் அதில் இருக்கும். மேலே நின்று அவளே பார்த்துக்கொள்வாள். "நீங்க எழுதின ரேட்டுக்கே கட்டிக் குடுத்துருங்க சகலை. சொந்தக்காரங்ககிட்ட லாபம் பாக்க மாட்டீங்கன்னு இப்பத்தானே தனம் சொல்லுச்சு."

என் வாயிலிருந்தே பிடுங்கி என் வீட்டுக்காரர் தலையில் கட்டினார்.

அவர் வேண்டாம் என்று சொல்வார் என நினைத்தேன். "சரிங்க அண்ணாச்சி" என்றார். திரும்பி வரும்போது நான் கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அவ கேட்டது எல்லாமே சரிதான் தனம். குளம் தூக்கும்னு எனக்குத் தெரியாது. தெரியாம கட்டிருந்தா நாளைக்கு மிதந்திருக்கும்ல?" என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன பேசுவது?

5

மழை விட்டதும் வேலை ஆரம்பித்தது. நான் மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வாரத்தில் சில நாள் போவேன்.

அவள் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மேட்டில் நிற்பாள். அவர் குழிக்குள் நிற்பார். வேலையாட்கள் பெரும்பாலும் ராஞ்சிக்காரர்கள், அவர்களுடைய மேஸ்திரி ஏத்வா. எல்லோருக்கும் பொது இந்திதான். அதனால் அவளும் இந்தியில்தான் பேசுவாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் அப்பாவை அவள் கூப்பிடுவது "டேக்கேதார்!" கான்ட்ராக்டர் என்று அர்த்தம். முதல் நாள் ஏத்வா நிமிர்ந்து அவளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தான். இவர் "ஜி மேடம்" என்றார். அதன் பிறகு அவன் பார்ப்பதை விட்டுவிட்டான்.

ஊரில் பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்று எழுதுகிறார்கள், பேசுகிறார்கள். அமெரிக்கா போனான், வெள்ளைக்காரியைக் கட்டினான் என்று. என் பிள்ளை எங்கேயும் போகவில்லை. ஒரு மணி நேர பஸ் தூரத்தில், என் கண் முன்னால் நின்றுகொண்டு, தன் அப்பாவை டேக்கேதார் என்றாள்.

ஒரு பக்கச் சுவருக்குக் கான்கிரீட் போட்ட அன்று எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. பலகையைக் கழற்றியபோது சுவரின் ஓரிடத்தில் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது. கீர்த்தனா இறங்கி வந்து சின்னச் சுத்தியலால் தட்டினாள். நல்ல இடம் கணீர் என்றது, அந்த இடம் பொத்தென்றது.

"பூசிவிட்டால் தெரியாது மேடம்" என்றான் ஏத்வா இந்தியில்.

"தோடோ" என்றாள். உடைங்கள். "இந்தப் பக்கம் முழுசும்."

நான் கையில் தூக்குப்பாத்திரத்தோடு நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஏத்வாவிடம் தலையை ஆட்டினார். அன்று அவர் சாப்பிடவில்லை. ஆட்களோடு சேர்ந்து தானும் சம்மட்டி பிடித்தார். பழைய சுவர் விழ விழ, கம்பி வளையாமல் பார்த்துக்கொள்ளும்படி மேலேயிருந்து அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

திரும்பக் கட்டுவதற்கான சிமென்ட் யார் செலவு? தப்பு செய்தவர் செலவு என்று அத்தான் சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, "வெளிய எங்கயும் அலைய வேணாம் சகலை, நம்ம கடையிலேயே எடுத்துக்கோங்க" என்றார். அந்தப் பணத்துக்காக என் வீட்டுக்காரர் தன் கலவை மெஷினை விற்றார். இந்தத் தீவில் அவர் சொந்தமாக வாங்கிய ஒரே பெரிய பொருள் அதுதான்.

சுவரை உடைத்த அன்றே அக்காவின் அடுப்படியில் வைத்துக் கீர்த்தனாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அது உங்க அப்பாடி."

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிப் பண்ற?"

"பூசி மறைச்சிருந்தா ரெண்டு வருஷத்துல சுவர் வெடிக்கும். அப்ப யாரப் பேசுவாங்க? அப்பாவ. அப்பாவுக்காக விட்டுக்கொடுத்தேன்னு என்னையும் பேசுவாங்க. யாரா இருந்தாலும் உடைக்கத்தான் சொல்லியிருப்பேன்."

"தனியா ஒரு வார்த்த, அப்பான்னு கூப்பிட்டுச் சொல்லக் கூடாதா?"

அவள் பாட்டில் மூடியைத் திருகி மூடினாள். "சைட்ல அப்படிக் கூப்பிட்டா ஆளுங்க யாரும் என் பேச்சக் கேக்க மாட்டாங்க" என்றாள். அதுவும் சரிதான். அவள் சொல்வது எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அவளோடு சண்டை போட முடியாததற்கு அதுதான் காரணம்.

6

குளத்தில் தண்ணீர் நிரப்பிய அன்று அத்தான் பெரிதாகக் கூட்டம் கூட்டியிருந்தார். டேங்கர் டேங்கராகத் தண்ணீர். ஐயரை வைத்துப் பூஜை. பஜார் வியாபாரிகள், ஆபீஸர்கள், அவர்கள் குடும்பம். குளம் நீலமாக, பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கே ஒரு நிமிடம் நெஞ்சு நிறைந்தது. என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் மோட்டார் அறைப் பக்கம் நின்றிருந்தார்.

அத்தான் ஒரு பெரிய ஆபீஸரிடம் கீர்த்தனாவின் தோளைப் பிடித்து, "நம்ம பொண்ணு. முழுக்க இவ டிசைன்" என்றார். ஆபீஸர் பாராட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்ற இவரைக் கேள்வியாகப் பார்த்தார். "இவரு கான்ட்ராக்டர்" என்றார் அத்தான். என் வீட்டுக்காரர் கை கூப்பினார். கீர்த்தனா பக்கத்திலேயே நின்றாள். ஆபீஸர் நகர்ந்து போகும் வரை இவர் கையை எடுக்கவில்லை.

அக்கா குளத்தில் இறங்க வேண்டிய நேரம் வந்தது. படியருகே வந்ததும் பயந்துவிட்டாள். "தனம், நீ வாடி. என் கையப் புடிச்சுக்க."

நான் கட்டியிருந்த புடவையோடு இறங்கினேன். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக வந்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நின்றாள். அவள் முகம் மாறியது. "வலிக்கலடி" என்றாள். "தனம், வலிக்கவே இல்லடி." இரண்டடி நடந்து பார்த்தாள். சின்னப் பிள்ளையாக எங்கள் ஊர்க் கண்மாயில் அவள் எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்தாள். அத்தனைக்கும் நடுவில் எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நேரத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் போகலாம் என்றாள். தரை சரிவாக இறங்கும் இடம் அது. அவள் கால் வழுக்கியது. என்னையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். இரண்டு பேரும் முங்கினோம். மூக்கிலும் வாயிலும் மருந்து நாற்றமடிக்கிற தண்ணீர். என் தலை மேலே வந்தபோது, "அம்மா!" என்று கீர்த்தனா கத்துவது கேட்டது. போட்டிருந்த புதுச் சுடிதாரோடு குதித்தாள். எனக்கு நேராக வந்துகொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

அவள் என்னைத் தாண்டிப் போய் அக்காவின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். "அம்மா, ஒண்ணுமில்ல, அம்மா, என்னப் புடிச்சுக்கோங்க" என்று சொல்லிச் சொல்லிப் படிக்குக் கொண்டுபோனாள்.

பெரியம்மா என்றுதான் அவளை இது வரைக்கும் என் எதிரில் கூப்பிட்டிருக்கிறாள்.

முட்டி போனவளைத்தான் முதலில் தூக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். நான் காலை ஊன்றிப் பார்த்தேன், தரை எட்டியது. தண்ணீர் என் நெஞ்சளவுதான். நானே நடந்து வந்து ஏறினேன்.

அத்தான் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். "தரை எண்ணெய் மாதிரி வழுக்குதே! யாரு போட்டது இந்த டைல?"

அந்த டைல்ஸ் அவருடையது. சரிவான இடத்துக்குச் சொரசொரப்பான டைல்ஸ் வேண்டும் என்று கீர்த்தனா எழுதிக் கொடுத்திருந்தாள். குடோனில் விற்காமல் கிடந்த பளபள டைல்ஸை அத்தான் இறக்கினார். வேண்டாம் என்று அவள் இரண்டு தடவை சொன்னதும், பிறகு சொல்லாமல் விட்டதும் எனக்கு என் வீட்டுக்காரர் சொல்லித் தெரியும்.

"நான்தாங்க போட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு நான் பேசினேன். இந்தத் தீவில் இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. "டைல் உங்க குடோன் டைல் அத்தான். வழுக்காத டைல் வேணும்னு இவ எழுதிக் குடுத்தா. நீங்கதான் இத இறக்கினீங்க. அவளையே கேளுங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் அக்காவின் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும். ஆமாம் என்றால் போதும்.

"அம்மா, நீ சும்மா இரு" என்றாள். பிறகு ஆபீஸர் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னாள். "டைல்ஸ் பதித்ததில் கோளாறு. சரி செய்யச் சொல்லிவிடுகிறேன்."

அவள் அப்பா தலையை ஆட்டினார். அது வரைக்கும் அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தப்பாகச் சொன்னாள்.

சாப்பிடாமல் கிளம்பினோம். பஸ்ஸில் கண்டக்டர் என் ஈரப் புடவையைப் பார்த்துவிட்டு, சீட் நனைந்துவிடும், நின்றுகொண்டே வாருங்கள் என்றான். காலி சீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றுகொண்டே வந்தோம். அவர் உட்காரவில்லை.

7

அடுத்த வாரம் குளத்தைக் காலி செய்து, சரிவில் இருந்த டைல்ஸைப் பெயர்த்து, வேறு டைல்ஸ் பதித்துக் கொடுத்தார் என் வீட்டுக்காரர். கூலி கேட்கவில்லை. அக்கா இப்போது தினமும் நடக்கிறாளாம். முட்டி வலி பாதி குறைந்துவிட்டதாம். என்னை ஏன் வரவில்லை என்று கேட்டுப் போன் செய்தாள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். கீர்த்தனாவின் ஞாயிற்றுக்கிழமை வருகையும் நின்றுவிட்டது. வேலை அதிகம் என்று கேள்வி.

நேற்றுச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தார். அவளிடமிருந்து மெசேஜ். ஆங்கிலத்தில் இருந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு தங்கும் விடுதிக்கு அத்தான் குளம் கட்டிக் கொடுக்கப் போகிறாராம். விருப்பமுள்ள கான்ட்ராக்டர்கள் கொட்டேஷன் அனுப்ப வேண்டுமாம். எத்தனை பேருக்கு அனுப்பினாளோ, அதே மெசேஜ் அப்படியே இவருக்கும் வந்திருக்கிறது. 'டியர் சார்' என்று ஆரம்பித்திருந்தது.

"டியர்னு போட்டிருக்கா, பாத்தியா?" என்றார். "அன்புள்ளன்னு அர்த்தம்."

"பக்கத்துல சார்னு போட்டிருக்காளே, அதுக்கு என்ன அர்த்தம்?"

அவர் அலமாரியைத் திறந்து வெள்ளைத் தாள் தேடினார்.

"வேணாங்க" என்றேன். "இதுலயும் உங்கள மூணாவதாத்தான் போடுவா. அவ பெரியப்பா முன்னாடி திரும்பவும் உக்காரவச்சுக் கேள்வி கேப்பா. உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

தாளை மேஜையில் வைத்து ஓரத்தை நீவிவிட்டார்.

"மூணாவதா வந்தா வந்துட்டுப் போறேன் தனம். அது புரியல, இது புரியலன்னு கேக்கறதுக்கு எப்படியும் ரெண்டு தடவையாவது போன் பண்ணுவால்ல?"